கொட்டாங்குச்சிக்குள் எத்தனை?

திண்ணையில் பத்துப் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைக்கிறார் பாட்டி. ஐந்து வயதுப் பேத்தி தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சில கொட்டைகள் கொட்டாங்குச்சிக்கு அடியில் போய்விடுகின்றன. கண்ணைத் திறந்தால் வெளியே ஆறுதான் இருக்கிறது.

“உள்ள எத்தனை இருக்கு, சொல்லு கண்ணு?”

அவள் ஆறையும் பார்க்கிறாள், கொட்டாங்குச்சியையும் பார்க்கிறாள். பிறகு ஒவ்வொரு விரலாக நீட்டி, “ஏழு, எட்டு, ஒம்பது, பத்து” என்கிறாள். நீட்டிய விரல்களை எண்ணி, “நாலு!”

நோட்டும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை. ஆனாலும் திண்ணையில் நடந்தது கழித்தல்தான்.

கழித்தல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே கேள்வி: ஐந்து மாம்பழத்தில் இரண்டைத் தின்றால் மீதி எத்தனை? அதே கணக்குக்கு வேறு முகங்களும் உண்டு. அண்ணனிடம் ஒன்பது கோலி, தம்பியிடம் ஐந்து என்றால் அண்ணனிடம் எத்தனை கூட? இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை. பத்து ரூபாய் மிட்டாய்க்குக் கையில் ஏழு ரூபாய் இருந்தால் இன்னும் எவ்வளவு வேண்டும்? இங்கே குறைவதற்குப் பதில் சேர்கிறது. ‘எடுத்துவிடு’ என்பதை மட்டுமே கழித்தலாகப் பழகிய பிள்ளை, இந்த இரண்டு கேள்விகளிலும் திகைத்து நின்றுவிடும். பாட்டியின் விளையாட்டு மூன்றாவது முகத்தைப் பழக்குகிறது.

குழந்தைக்குக் கணக்கு வராது என்று சொல்வதற்கு முன் 1992-இல் கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வை நினைத்துக்கொள்ளலாம். ஐந்து மாதக் குழந்தைகளிடம் இரண்டு பொம்மைகளைக் காட்டி, திரையால் மறைத்து, ஒன்றை எடுத்துப் போவதை அவர்கள் பார்க்கும்படி செய்தார். திரை விலகியபோது ஒன்றுக்குப் பதில் இரண்டு பொம்மைகள் இருந்தால், குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. எடுத்தால் குறைய வேண்டும் என்ற உணர்வு பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது.

அந்த உணர்வு வழியில் எங்கோ அறுந்துபோகிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் அசர் அறிக்கை 2024-இன்படி, இந்தியாவில் மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம் பேர்தான்.

இந்தக் கடன் வாங்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குகிறார்கள். 52-இல் 38 போனால் 26 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. இரண்டில் எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. பெரியதிலிருந்துதான் சிறியதை எடுக்க முடியும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்.

இதற்கு நல்ல மருந்து ஈர்க்குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் 52 என்பது ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். ‘கடைக்காரராக’ நடிப்பவர் பிள்ளையிடம் 38 குச்சி, அதாவது மூன்று கட்டும் எட்டு உதிரியும் கேட்க வேண்டும். கையில் இருக்கும் உதிரி இரண்டுதான். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, தானாகவே ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. எட்டைக் கொடுத்து, மூன்று கட்டையும் கொடுத்தால் மிஞ்சுவது ஒரு கட்டும் நான்கு உதிரியும். ‘கடன் வாங்கு’ என்பதைவிட ‘கட்டைப் பிரி’ என்பதே பொருத்தமான சொல். வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதே இல்லையே!

ஒப்பிட்டுப் பழகச் சோழி போதும். ஆளுக்குப் பத்துச் சோழியை உருட்டி, யாருக்கு எத்தனை நிமிர்ந்தது என்று எண்ண வேண்டும். கூடுதலாக விழுந்தவர் வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னால் அத்தனை புளியங்கொட்டை அவருக்கு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை பக்கத்தில் இருந்தால் இவற்றை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

விடை தவறினால் பெரியவர்கள் திருத்த வேண்டியதில்லை; கொட்டாங்குச்சியைத் தூக்குவது குழந்தையின் வேலை. ஐந்தாறு ஆட்டம் முடிந்ததும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். திண்ணையில் இப்போது கண்ணை மூடிக்கொள்வது பாட்டி, ஒளிப்பது பேத்தி. வெளியே ஏழு கொட்டைகள். பாட்டி வேண்டுமென்றே யோசித்து, “உள்ள ரெண்டா?” என்கிறார்.

“தப்பு பாட்டி, மூணு! நல்லா எண்ணுங்க!”