குற்றக் கணக்கில் ஒரு சாதி

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு: ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவானா?

ஆம் என்றது வெள்ளையர் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1918க்குள் இப்பகுதியின் பிரமலைக் கள்ளர் முழுச் சாதியையும் வளைத்தது. ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும்; ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும்; இரவானால் போலீஸ் முன் ஆஜராக வேண்டும். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள்.

உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள்.

களவே நடக்கவில்லை என்பதல்ல வாதம். மாட்டை ஓட்டிப்போய், துப்புச் சொல்வதற்கான துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருப்பித் தந்த கதைகள் இங்கே ஏராளம். ஊரைக் காப்பதற்கென்று கள்ளருக்குக் காவல்கூலி கொடுத்துச் சலித்த குடியானவர்கள் 1896இல் திண்டுக்கல் பக்கம் பண்டு (நிதி) திரட்டிக் கள்ளர் காவலையே ஒழிக்கக் கிளம்பினார்கள்.

ஆனால் கொள்ளையைக் கூட்டியது ரத்தமா, பசியா? சென்னை மாகாணக் கொள்ளைகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்ட், மழை பொய்த்துத் தானிய விலை ஏறிய காலங்களில், குறிப்பாக 1876–78 பஞ்சத்தில், அவை பெருகியதைக் காட்டினார்.

ரேகைச் சட்டம் கணக்கையும் கெடுத்தது. இரவில் ஆஜராகாததே தண்டனைக்குரியது. மற்ற சாதிக்காரன் வீட்டில் தூங்கினால் தூக்கம். கள்ளன் தூங்கினால் வழக்கு. இப்படிச் சேர்ந்த வழக்குகளே அச்சாதியின் 'குணத்துக்கு'ச் சாட்சியாயின.

கணக்கு இப்படிக் கோணுவது இங்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சா புகைத்தும், கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.7 மடங்கு அதிகம் என்று ஏ.சி.எல்.யூ. என்ற குடிமை உரிமை அமைப்பு 2013இல் கணக்கிட்டது.

முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதும் சட்டம் ரத்தானது. சிறை விதிகளில் மட்டும் அதன் வாடை போகவில்லை. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், கைதிப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும், பழைய 'குற்றப் பரம்பரை'யினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் காட்டும் விதிகளைக் களையவும் உத்தரவிட்டது.