மிளகுக்கு எந்த ஊர்?

காரைக்குடிப் பக்கம் ஆச்சிமார் மசாலா வறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மல்லியும் மிளகாயும் நம்ம மானாவாரிக் காட்டில் விளைந்தது. மிளகு மலையிலிருந்து இறங்கியது. அன்னாசிப்பூ பெரும்பாலும் சீனாவிலும் வியட்நாமிலும் விளைந்து கப்பலில் வந்தது. ஒரு கரண்டிப் பொடிக்குள் இத்தனை ஊர். அடுப்படியில் இதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே பொடியை மலேசியாவுக்கு அனுப்பணும்னா, வரிச்சலுகை கேட்கும் இடத்தில் முதல் கேள்வியே இதுதான்: இது எந்த நாட்டுச் சரக்கு?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தாளுக்குப் பேர் தோற்றச் சான்றிதழ். ஏற்றுமதிக்காரர்கள் 'சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்' என்பார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவில் வணிக ஒப்பந்தம் இருந்தால், இந்தத் தாளைக் காட்டுகிற சரக்குக்கு இறக்குமதி வரி குறையும், சிலதுக்கு வரியே இருக்காது. இயற்கை விளைபொருள் சான்றுக்கும், கண்டாங்கிச் சேலைக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்த புவிசார் குறியீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல சரக்கா, நஞ்சில்லாத சரக்கா என்றெல்லாம் இந்தத் தாள் சொல்லாது. எந்த நாட்டில் விளைந்தது என்பதோடு சரி.

ஒரு தாளுக்கு அவ்வளவு வலுவா என்று கேட்டால், மிளகு விவசாயிகளைக் கேட்கணும். வெளிநாட்டு மிளகுக்கு நம் நாட்டில் அடிப்படை இறக்குமதி வரி 70 விழுக்காடு. வியட்நாம் உள்ளிட்ட ஆசியான் நாடுகளுக்கு ஒப்பந்தப்படி அதைப் படிப்படியாக 50 வரை குறைத்தார்கள். இலங்கையோடு 1998-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படியோ, ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் உள்ளே வரலாம். அதற்கு மேல் வந்தால் தெற்காசிய ஒப்பந்தப்படி 8 விழுக்காடுதான். ஐம்பதுக்கும் எட்டுக்கும் நடுவே எவ்வளவு லாபம் இருக்குன்னு வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டாம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சான்றிதழோடு இங்கே வருகிறது என்று குடகிலும் கேரளத்திலும் விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017-ல் விலை இறங்கிக்கொண்டே போனது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அடுத்த மார்ச்சில், அதற்குக் கீழே விலை போட்டு வரும் மிளகுக்குத் தடையே போட்டது.

பிறகு 2020 செப்டம்பர் 21 முதல் சுங்கத்துறை புது விதி கொண்டுவந்தது. தாளை நீட்டினால் மட்டும் போதாது. சரக்கு அங்கேதான் விளைந்தது, அல்லது செய்தது என்பதற்கான விவரங்களை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்கணும், ஐந்து ஆண்டு பத்திரப்படுத்தணும். இந்த விதி முன்னாடியே வந்திருக்கணும் என்பது என் எண்ணம்.

சரி, நாம் அனுப்புகிற பக்கம் பார்ப்போம். ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வைத்திருப்பவர், வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கணும். தனி விவசாயிக்கு இது பெரும்பாடு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் போவது சுலபம். விண்ணப்பிக்கும் முன்னாடி ஒன்றைப் பாருங்கள்: போகிற நாட்டில் அந்தப் பொருளுக்கு வரி இருக்கிறதா? சிங்கப்பூரில் மது, புகையிலை, வண்டி, எரிபொருள் மாதிரிச் சிலதுக்குத்தான் வரி. அங்கே கவுனி அரிசி அனுப்ப, வரிக்காக இந்தத் தாள் தேடி அலைய வேண்டியதில்லை. வரி 5 விழுக்காடு உள்ள நாடு என்றால், 20 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு ஒரு லட்சம் மிச்சம். ஆனால் அந்த மிச்சம் நேராக நமக்கு வராது. வரி கட்டுகிறவர் அங்கே வாங்குகிறவர், அதனால் லாபம் அவருக்கு. 'தாள் நாங்க தர்றோம், விலையில பாதியாச்சும் கூட்டுங்க' என்று விலை பேசும்போதே கேட்டுவிடணும். ரசீது போட்ட பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

நம் மண்ணில் விளைந்த மிளகாயோ அரிசியோ தனியாகப் போனால் சிக்கல் இல்லை. 'முழுதும் இந்நாட்டில் விளைந்தது' என்ற வகையில் சேரும். விதைத்த தேதி, பரப்பு, அறுவடை எடை, எந்த மூட்டை யாருடையது என்ற குறிப்பு இருந்தால் போதும். இயற்கைச் சான்றுக்காக நாம் எழுதி வைக்கிற பண்ணைக் குறிப்பேடு இங்கேயும் உதவும். மசாலாப் பொடி வேறு கதை. அன்னாசிப்பூ உள்ளே இருப்பதால் அது முழுதும் நம்முடையது ஆகாது. ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, சரக்கு மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளுடையதாக இருக்கணும். வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த பொருளின் ஆறு இலக்கச் சுங்கக் குறியீடும் அரைத்த பிறகு மாறியிருக்கணும். ஆகவே அன்னாசிப்பூ வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அரைக்கும் கணக்கை வகை வாரியாக எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது. சரக்கு நேராகப் போய்ச் சேரணும் என்பதும் விதி. தூத்துக்குடியிலிருந்து போகும் பெட்டிகள் பல கொழும்பில் கப்பல் மாறும். மாறுவதில் தப்பில்லை, நடுவில் பெட்டியைத் திறக்கவோ சரக்கைக் கலக்கவோ கூடாது. தூத்துக்குடியில் தொடங்கி இறங்கும் துறைமுகம் வரை ஒரே கப்பல் ரசீதாக வாங்கித் தரும்படி முகவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.