அடைபட்ட குழாயும் காதுத் துளையும்

குழந்தைக்குக் காது குத்தியதும் துளையில் கம்பியையோ தோட்டையோ மாட்டிவிடுகிறோம். சில வாரங்களில் துளையின் உட்புறம் தோல் படர்ந்து, துளை நிலைத்துவிடுகிறது. ஒன்றும் மாட்டாமல் விட்டாலோ, புண் ஆறித் துளை தூர்ந்துபோகும். நாம் அனைவரும் அறிந்த இந்த உண்மையே, பெண்கள் வெளியில் சொல்லக் கூசும் ஒரு நோயின் சிகிச்சைக்கும் அடிப்படையாகும்.

யோனி வாயிலின் இருபுறமும் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த டென்மார்க் நாட்டு உடற்கூற்று அறிஞர் காஸ்பர் பார்த்தோலின் பெயரால் இவை பார்த்தோலின் சுரப்பிகள் எனப்படுகின்றன. வழவழப்பான நீரைச் சுரந்து, சுமார் 2 செ.மீ. நீளமுள்ள நுண்குழாய் வழியே வெளியேற்றுவது இவற்றின் வேலை.

குழாயின் வாய் அடைபட்டால் என்ன ஆகும்? சுரப்பது நிற்பதில்லை. வெளியேற வழியின்றித் தேங்கும் நீர், குழாயைப் பலூன்போல் உப்பச் செய்கிறது. இதுவே நீர்க்கட்டி. 100 பெண்களில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் என்றேனும் இது வரக்கூடும். இதைக் கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமை.

வலியற்ற சிறு கட்டிக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் நாள்தோறும் சில முறை இடுப்பு நனைய அமர்ந்தால், அது தானே வடிந்துவிடக்கூடும். கட்டியைப் பிதுக்கவோ குத்தவோ கூடாது. கிருமிகள் புகுந்தால் அது சீழ்க்கட்டியாகிவிடும். உட்காரவும் நடக்கவும் முடியாத வலி தோன்றும். காய்ச்சலும் வரலாம். அப்போது மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாகாது.

கட்டியைக் கீறிச் சீழை வடித்தால் உடனே வலி தணியும். ஆனால் கீறிய இடம் ஆறி மூடிக்கொண்டால், நீர் மீண்டும் தேங்கும். தோடு மாட்டாத காதின் கதைதான்!

இதற்கு 1960களில் வேர்டு என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வழி கண்டார். நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய ரப்பர்க் குழாயைக் கீறல் வழியே செருகி, பலூனில் 2 அல்லது 3 மி.லி. நீரை நிரப்பினார். அதை ஏறத்தாழ 4 வாரங்கள் விட்டுவைத்தால், நிலையான புதிய வழி உருவாகிறது.

மற்றொரு முறையில், கட்டியின் சுவரைத் திறந்து, அதன் விளிம்புகளை வெளித்தோலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். பை போன்ற வாய் அமைவதால், கங்காரு இனத்தின் பெயரையொட்டி இதனை மார்சூப்பியலைசேஷன் என்கிறார்கள். நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் 161 பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. எந்த முறையானாலும், ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே கட்டி திரும்பியது.

சுரப்பியையே அகற்றுவது கடைசி வழி. அதில் குருதிப்போக்கு மிகுதி. 40 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாகக் கட்டி தோன்றினால், அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால், திசுவை எடுத்துச் சோதிப்பார்கள்.

தேங்கிய நீரை வடிப்பது பாதி வேலை. வழி மூடாமல் காப்பதே மறு பாதி. ஆனால் முதல் வேலை, கூச்சத்தை விட்டு வாய் திறந்து சொல்வது. அதை எந்த மருத்துவராலும் நமக்காகச் செய்ய முடியாது.