கை விடும் ஓட்டையும் நகரும் கொசுவலையும்

மாலை ஐந்தரை மணி. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். லயத்து வீடுகளின் முன்னால் நாம் நடந்து போகையில், டப் டப்பென்று ஜன்னல் சாத்தும் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. பகல் முழுக்கக் காய்ந்த தகரக் கூரையின் சூடு அப்படியே வீட்டுக்குள் நிற்கிறது. அந்த நேரத்தில்தான் காற்று வரும் ஒரே வழியையும் அடைத்துவிட்டு, கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, அதன் புகைக்குள் பிள்ளைகளைப் பாடம் படிக்க உட்கார வைக்கிறார்கள் நம் மக்கள்.

நாம் போன வீட்டில் மட்டும் ஜன்னல் திறந்திருந்தது. பச்சை நைலான் வலையைச் சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். பரவாயில்லையே என்று கிட்டப் போய்ப் பார்த்தால், வலையின் இடது ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வலது ஓரத்திலும் அதேபோல் ஒன்று. கத்தரிக்கோலால் வெட்டியது.

"என்னாங்க ஆயா, கொசுவுக்கு வாசல் வச்சிருக்கீங்க?" என்று கேட்டோம்.

"பின்ன என்னா தம்பி செய்யறது? மழை வந்தா பலகையைச் சாத்தணும் இல்ல? வெளியில தொறக்குற பலகை. கையை விட்டு இழுத்தாத்தானே வரும்!" என்றார் அந்தப் பாட்டி.

அவர் பேரனுக்கு டெங்கி கண்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறான். ஏழு வயது. வலை அடித்தது அதற்குப் பிறகு. வலை அடித்த மூன்றாம் நாளே மழை வந்துவிட்டது, ஓட்டையும் வந்துவிட்டது. நாம் சிரித்தது தவறு என்று அப்போதுதான் நமக்குப் பட்டது. வெளிப்பக்கம் திறக்கும் பலகை ஜன்னலில், உள்பக்கம் ஆணி அடித்த வலை ஒருநாளும் நிலைக்காது. வேண்டியது தள்ளித் திறக்கிற வலை. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

"ராத்திரிக்குத்தான் கட்டிலுக்கு வலை கட்டுறோமே, ஜன்னலுக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். டெங்கியைக் கொண்டு வருகிற ஏடிஸ் கொசு ராக்கொசு அல்ல. கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட அந்தக் கொசு கடிப்பது பகலில். அதிலும் பொழுது விடிந்த இரண்டொரு மணி நேரத்திலும், பொழுது சாய்வதற்கு முந்திய இரண்டொரு மணி நேரத்திலும் அதிகம். பெரட்டுக்குப் போனவர்கள் போய்விட, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரமும், திரும்பி வந்து அஞ்சடியில் விளையாடுகிற நேரமும் அதுவேதான். கட்டில் வலை அப்போது சுருட்டித்தானே கிடக்கும்? ஜன்னல் வலை மட்டும்தான் இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்யும். இன்னொன்று: வீட்டில் ஒருவருக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டால், காய்ச்சல் அடிக்கும் முதல் சில நாட்களில் அவரைக் கடித்த கொசு, பிறகு அடுத்தவரைக் கடித்து நோயைக் கொடுக்கும். ஆகவே காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும்.

கொசுவர்த்தி இருக்கிறதே என்பார்கள். மலேசியாவிலும் சீனாவிலும் விற்கும் வர்த்திகளை எடுத்து ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு வர்த்தி எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று கணக்குக் காட்டியது. ஜன்னலையும் சாத்திவிட்டு அதைக் கொளுத்தினால் அந்தப் புகை எங்கே போகும்?

வீட்டுக்கு வலை என்பது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். ஆனாலும் அதை நம்பாதவர்கள் நிறையப் பேர். 1900-ஆம் ஆண்டில் பேட்ரிக் மேன்சன் ஏற்பாடு செய்தபடி, லோ, சம்போன் என்ற இரு டாக்டர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இத்தாலியில் ரோம் நகருக்கு அருகே, மலேரியாவுக்குப் பேர்போன ஒஸ்தியா சதுப்பு நிலத்தில், ஜன்னலுக்கும் கதவுக்கும் கம்பி வலை போட்ட மரக் குடிசை ஒன்றில் தங்கினார்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. கொயினா தின்னவில்லை. பகலில் தாராளமாக வெளியே சுற்றினார்கள். பொழுது சாய்ந்தால் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

இங்கே நம் நாட்டில் கதை வேறு மாதிரிப் போனது. 1901-இல் கிள்ளானில் அரசாங்க டாக்டராக இருந்த மால்கம் வாட்சன், கிள்ளானிலும் அதே ஆண்டு திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியா ஆட்களைச் சாய்த்ததைப் பார்த்துக் காடு வெட்டி வடிகால் தோண்டச் செய்தார். பிறகு தோட்டங்களிலும் வடிகாலும், தேங்கிய தண்ணீரில் எண்ணெய் தெளிப்பதும் பரவின. முதுகில் டப்பாவைச் சுமந்து கால்வாய் கால்வாயாக எண்ணெய் அடித்துப்போன ஆளைப் பழைய தோட்டத்து மனிதர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பின, மறுப்பதற்கில்லை. ஆனால் தொழிலாளி வீட்டு ஜன்னலுக்கு வலை போட வேண்டும் என்பது மட்டும் பல தோட்டங்களில் யாருக்கும் தோன்றாமலே போய்விட்டது. பெரிய துரை பங்களாவில் வலை இருந்தது. நம் லயத்தில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். அதே லயத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் ஜன்னலில் இறங்கினோம்.

ஜன்னல் 36 அங்குல அகலம், 48 அங்குல உயரம். வெளியே இரண்டு பலகைக் கதவு, நடுவே இரும்புக் கம்பி. வலை உள்பக்கம்தான் வர வேண்டும். ஒரே பெரிய சட்டமாகச் செய்து சுவர்ப்பக்கம் தள்ளலாம்; ஆனால் அதற்கு ஜன்னலை ஒட்டி இன்னொரு 36 அங்குலம் வெறுஞ்சுவர் வேண்டும். லயத்து அறையில் அலமாரிக்கே இடமில்லை. ஆகவே இரண்டு சட்டம், இரட்டைக் காடி. இடது சட்டத்தைத் தள்ளினால் இடது பலகைக்குக் கை போகும். வலதைத் தள்ளினால் வலதுக்கு.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. பழைய வீட்டு நிலைச்சட்டம் நேராக நிற்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். உயரமும் அப்படியே. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் நிலை சாய்ந்திருக்கிறது என்று பொருள். பாட்டி வீட்டில் கால் அங்குலம் சாய்வு. மெல்லிய ரீப்பர் ஒன்றை அடியில் கொடுத்துச் சரி செய்தார் பெரியவர்.

காடி என்பது அலுமினியக் கடையில் கிடைக்கும் இரட்டைச் சேனல்தான். மேலே வைப்பது முக்கால் அங்குல ஆழம் இருக்க வேண்டும். கீழே வைப்பது அதில் பாதி. இந்த வித்தியாசத்தில்தான் வித்தையே இருக்கிறது. நாம் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல், மேல் காடியின் கூரையிலிருந்து கீழ் காடியின் தரை வரை இருந்த 48 அங்குலத்தையும் அப்படியே சட்டத்துக்குச் சொல்லிவிட்டோம். பெரியவரும் நம்மை நம்பி அறுத்துவிட்டார். சட்டம் உள்ளே போகவே இல்லை. "எழுதுற ஆளு அளவு சொன்னா இப்படித்தான்," என்று அவர் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

சட்டத்தின் உயரம் அரை அங்குலம் குறைய வேண்டும், அதாவது நாற்பத்தேழரை. முதலில் சட்டத்தின் தலையை மேல் காடிக்குள் முட்டும் வரை தூக்கினால், அடிப்பாகம் கீழ் காடியின் உதட்டைத் தாண்டும். நேராக்கி இறக்கினால் கீழே உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் மேலே கால் அங்குலம் காடிக்குள் இருப்பதால் கழன்று விழாது. கழுவ வேண்டுமென்றால் மறுபடி தூக்கினால் வந்துவிடும். திருகாணியைத் தொடவே வேண்டாம். அகலத்துக்கு, இரண்டு சட்டமும் நடுவில் ஓர் அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். 36-உடன் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் பதினெட்டரை. அதுதான் ஒவ்வொன்றின் அகலம்.

நிலை கெட்டி மரம். திருகாணியை நேராக ஏற்றினால் மரம் பிளக்கும், இல்லாவிட்டால் திருகாணித் தலை முறியும். முதலில் சிறிய துளை போட்டு, திருகாணியில் சவர்க்காரம் தேய்த்து ஏற்றினார் பெரியவர். கீழ்க்காடியில் வெளிப்பக்கமாக மூன்று நான்கு சிறு துளைகள் போட மறக்கக் கூடாது. சாரல் தண்ணீர் வடிய வழி வேண்டும். கொசுவைத் தடுக்க வைத்த காடியே தண்ணீர்த் தொட்டியாகிவிட்டால் ஊர் சிரிக்கும்.

வலைக்குக் கண்ணாடி நார் வலை போதும். அங்குலத்துக்கு 18-க்கு 16 கண் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கொசு நுழையாது, காற்று வரும். கடலோரத் தோட்டங்களில் தொல்லை கொடுக்கும் அகாஸ் என்ற பொடிப்பூச்சி இந்தக் கண்ணில் நுழைந்துவிடும். அதற்கு இன்னும் நெருக்கமான கண் வேண்டும். ஆனால் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். எது வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வலையை நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, சட்டத்தின் மேல் விரித்து, பள்ளத்துக்குள் ரப்பர் கயிற்றை வைத்துச் சின்ன உருளையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். இங்கேயும் நாம் ஒரு கை பார்த்தோம்! முறுக்காக இருக்கட்டும் என்று வலையைப் பலங்கொண்ட மட்டும் இழுத்ததில், சட்டம் இரண்டு பக்கமும் உள்வாங்கி உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. பிரித்து மறுபடி செய்தோம். சுருக்கம் இல்லாமல் படுத்திருந்தால் போதும். கயிறு அழுந்தும்போது அதுவே வலையை இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கடைசியில் பிளேடால் வெட்டிவிடலாம்.

இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். கொசுவுக்கு அது ராஜபாட்டை. சட்டத்தின் விளிம்பில் பழைய கம்பளித் துணியைப் பட்டையாக வெட்டி ஒட்டினோம். சட்டங்களை எப்போதும் கடைசி வரைக்கும் தள்ளி வைக்க வேண்டும். பாதியில் நின்றால் அந்த அடைப்பு பயன்படாது. காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் சட்டம் ஒரு விரலுக்கு ஓடும்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்ட குடும்பங்களில் பல வீட்டில் நாக்கோ ஜன்னல் இருக்கும். அதன் கண்ணாடிகள் திறக்கும்போது உள்பக்கமும் நீட்டிக்கொண்டு வரும், கைப்பிடி வேறு. முழுக்கத் திறந்து வைத்து எவ்வளவு நீளுகிறது என்று அளந்து, அந்த அளவுக்குக் கட்டை கொடுத்து, அதன் மேல் காடியை வைக்க வேண்டும். மாடி வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு சொல்: கொசுவலை பிள்ளையைத் தாங்காது. அதை நம்பிக் கட்டிலை ஜன்னல் ஓரம் போடாதீர்கள்.

லயத்தில் ஜன்னலை மட்டும் அடைத்தால் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் காற்றுக்காக விட்ட சந்து, ஜன்னலுக்கு மேலே உள்ள துளைகள், குசினிக் கதவின் அடி, எல்லாமே வாசல்தான். மேல் சந்து யாரும் கை விடாத இடம். அங்கே வலையை ஆணி அடித்தே நிறுத்தலாம். அதோடு குளியலறைத் தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால், வலை கொசுவை உள்ளேயே பூட்டி வைத்த கதையாகும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். பால்மரத் தோட்டக்காரர்கள் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும் இதில் சேர்ந்தது. காட்டோரம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2018 முதல் இந்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா இல்லை என்றாலும், குரங்கிடமிருந்து வரும் மலேரியா இருக்கிறது. அதற்கு வீட்டு வலை மட்டும் போதாது. மாலையில் வெளியே இருக்கும்போது உடம்பை மூடிக்கொள்ள வேண்டும்.

வீடு தோட்டத்துடையது. நிலையில் துளை போடும் முன் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (எண் 446) வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளி மீதுதான் வைத்திருக்கிறது. உளுத்த நிலையையும் தொங்கும் பலகையையும் மாற்றித் தரும்படி கேட்பது பிச்சையல்ல. பாட்டியின் வீட்டுக்கு ஆபீசில் "போட்டுக்கோங்க" என்றார்கள். செலவைப் பற்றிக் கேட்டபோது பதில் வரவில்லை. லயத்தில் பத்து வீட்டார் சேர்ந்து கேட்டிருந்தால் வந்திருக்குமோ என்னவோ. சேர்ந்து வாங்கினாலாவது வலைச் சுருளும் சேனலும் மலிவாக விழும். அடுத்த சம்பளத்துக்கு அப்படிச் செய்வதாக நான்கு வீட்டார் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை முடிந்தபோது மணி நான்கு. நாம் கோப்பி குடித்துக்கொண்டிருக்கையில் மேற்கே கறுத்து மழை பிடித்துக்கொண்டது. பாட்டி எழுந்து போய் இடது சட்டத்தைத் தள்ளி, கம்பி வழியே கையை நீட்டிப் பலகையை இழுத்துக் கொக்கி மாட்டினார். பிறகு வலது. வலையை மறுபடி இழுத்து மூடினார். மழை விட்டதும் பேரன் ஓடிப்போய் அதேபோல் திறந்து, இன்னொரு தரம் மூடி, இன்னொரு தரம் திறந்தான். "ஒடைச்சுப்புடாதடா!" என்று சத்தம் போட்டார் பாட்டி.

ஓட்டை போட்ட பச்சை வலையை அவர் வீசவில்லை. நல்ல பக்கமாக வெட்டிக் கருவாட்டுத் தட்டுக்கு மூடி செய்துகொண்டார். குசினி ஜன்னல் அடுத்த ஞாயிறு. இந்தத் தடவை அளவு எடுப்பது பெரியவர்தான். நம்மை டேப்பைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.