சிவப்பு விளக்குக்குக் கீழே கொஞ்சம் இடம்

2008இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வெளிவந்தபோது ரசிகர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். கடையில் விற்ற குறுந்தகட்டைவிட, 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட அதே பாடல்கள் தெளிவாகக் கேட்டன. விளையாட்டில் கணீரென்று விழுந்த டிரம்ஸ் அடி, குறுந்தகட்டில் கரகரத்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொன்னார்கள். பழி முதலில் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன்மேல் விழுந்தது. தன்னிடம் வரும்போதே ஒலி நசுங்கித்தான் வந்தது என்றார் அவர். மிக்ஸிங்கில் விடாத இடத்தை மாஸ்டரிங்கில் யாராலும் உண்டாக்க முடியாது. அந்த இடத்துக்குத்தான் ஹெட்ரூம் என்று பெயர். நிலைப்படியில் தலை இடிக்காமல் நுழையத் தேவையான உயரம் போல.

கணினியில் அந்த நிலைப்படி இரும்பால் ஆனது. காந்த நாடாவில் அளவு மீறினால் ஒலி மெல்ல மெல்லத்தான் கலங்கும். சிலருக்கு அந்தக் கலங்கலே பிடித்தும் இருந்தது. டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. 16 பிட் கோப்பில், அலையைக் கணத்துக்குக் கணம் அளந்தெடுக்கும் மாதிரி ஒன்றுக்குரிய அதிகபட்ச எண் 32,767. அலையின் உச்சி 40,000ஐத் தொட வேண்டுமென்றாலும் 32,767 என்றுதான் பதிவாகும். அடுத்த மாதிரியும் அதே எண், அதற்கடுத்ததும் அதே எண். மலைச்சிகரம் இருந்த இடத்தில் மொட்டைமாடி. மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் அந்தத் தட்டையிலிருந்து பிறக்கின்றன. காதுக்கு அதுதான் கரகரப்பு. மீட்டரின் 0 டெசிபல் என்பது இந்தக் கூரைதான். அதனால் நாம் வேலை செய்யும் அளவுகள் எல்லாம் எதிர்மறை எண்கள்.

கூரைக்குக் கீழே இடம் விட்டுப் பதிவு செய்தால் தரம் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாடாவின் இரைச்சலோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கும், 16 பிட்டில் பதிவு செய்தவர்களுக்கும் அது நியாயமான கவலை. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்றால் 16 பிட்டுக்கு 96 டெசிபல்தான். இன்று சாதாரண இடைமுகக் கருவிகூட 24 பிட்டில் பதிவு செய்கிறது. ஏட்டளவில் 144 டெசிபல். ஆனால் நல்ல கருவிகளின் மின்சுற்று இரைச்சலே சுமார் 120 டெசிபலோடு எல்லை கட்டிவிடுகிறது. ஆக, கடைசி நான்கு பிட்டுகளில் இருப்பது வெறும் இரைச்சல். உச்சிகளை −12இல் நிறுத்தினால் கணக்குப்படி இரண்டு பிட் குறையும். பதிவறையின் மின்விசிறி சத்தம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

இனி கூட்டல் கணக்கு. ஒரே அலையை இரண்டு ட்ராக்கில் வைத்தால் 6 டெசிபல் கூடும். தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சராசரியாக 3. ஒத்த அளவுள்ள 16 ட்ராக்குகள் சேர்ந்தால் 12. கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே தாளத்தட்டில் விழுகிற கணத்தில் இன்னும் கூடலாம். ஒவ்வொரு ட்ராக்கையும் கூரையை ஒட்டி நிறுத்திவிட்டு, கடைசியில் மாஸ்டர் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று திகைப்பது வீண்.

இங்கே விவரமறிந்தவர்களின் ஆட்சேபம் ஒன்று வரும். இன்றைய மென்பொருள்கள் உள்ளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் கணக்கிடுகின்றன. அவற்றின் வீச்சு 1,500 டெசிபலுக்கும் மேல். நடுவில் எந்தச் சானல் சிவந்தாலும் மாஸ்டர் ஃபேடரை இறக்கினால் அலை முழுசாகத் திரும்பிவிடும் என்பார்கள். முற்றிலும் சரி. ஒவ்வொரு ட்ராக்கும் −18இல் நிற்காவிட்டால் பாட்டே கெட்டது என்று பயமுறுத்துவது மிகை. ஆனால் ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் டிஜிட்டல்-அனலாக் மாற்றிக்கும், எழுதப்படும் 24 பிட் கோப்புக்கும் அந்த மிதவை கிடையாது. அங்கே கூரை கூரைதான். பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்த பிளக்இன்கள் பலவும் −18 அளவை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டவை. அதிகம் ஊட்டினால் கேட்காமலே முறுக்கேற்றும். ஃபேடரையும் பாருங்கள்: 0க்கு அருகே ஒரு விரல் நகர்த்தினால் சில டெசிபல், அடிப்பகுதியில் அதே நகர்வுக்கு இருபது முப்பது போய்விடும். எனவே அளவை முதலில் கெயினில் குறைத்துவிட்டு, ஃபேடரை நுணுக்கமாக நகர்த்தக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டரையும் முழுக்க நம்ப முடியாது. 44,100 மாதிரி வேகத்தில் 11,025 ஹெர்ட்ஸ் அலை ஒன்று, மாதிரிகள் உச்சியில் விழாமல் 45 பாகை தள்ளியே விழும்படி அமைந்தால், எல்லா மாதிரிகளும் உண்மை உச்சத்தில் 0.707 பங்கையே காட்டும். அந்த மாதிரிகள் கூரையைத் தொட்டால் மீட்டர் 0 என்று சத்தியம் செய்யும்; ஸ்பீக்கருக்குப் போகும் அலையோ 3 டெசிபல் மேலே எகிறியிருக்கும். எம்பி3 ஆக்கும்போதும் உச்சிகள் இடம் மாறும். உண்மை உச்சத்தை அளக்கும் மீட்டரில் −1க்கு மேல் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சத்தமாக இருந்தால்தானே மக்களுக்குப் பிடிக்கிறது? ஓரளவு உண்மை. ஒலி கூடும்போது தாழ் அதிர்வெண் ஒலிகள் காதில் நன்றாக விழுகின்றன என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். ஆனால் 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்க ஒரு முறையை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அந்த உரப்பு அளவில் −23 என்று இலக்கு வைத்தது. ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் −14க்குச் சமன் செய்கிறது. −8க்கு நசுக்கிய பாட்டை அது 6 டெசிபல் இறக்கிவிடும். சத்தமும் போச்சு, டிரம்ஸின் உயிரும் போச்சு. பேருந்தில் பென் டிரைவ் வழியே ஓடும் பாட்டுக்கு இந்தச் சமன் கிடையாது என்பதும் மெய்தான். அப்படிப்பட்ட இடங்களுக்கு உரப்பை மாஸ்டரிங்கில் ஏற்றிக்கொள்ளலாம், சில நிமிட வேலை. நசுக்கிய மிக்ஸை விரித்தெடுக்க வழியில்லை.

ஆகவே மாஸ்டரிங்குக்கு அனுப்பும் முன், சத்தத்துக்காகப் போட்ட லிமிட்டரை அணைத்துவிடுங்கள். உச்சிகள் −6ஐ ஒட்டி நிற்கட்டும்; அது சட்டமில்லை, வசதியான வழக்கம். மிக்ஸ் செய்யும்போது சத்தம் போதவில்லை என்று தோன்றினால், ஸ்பீக்கரின் வால்யூம் குமிழைத் திருகிக்கொள்ளுங்கள்.