கால் ஒரு மீட்டர், சக்கரம் ஐந்து மீட்டர்

ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டுகிற பெரிய கறுப்புச் சைக்கிள் வீட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளே போதும். வண்டி நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு பெடல் நேர் கீழே இருக்கும்படி வையுங்கள். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இனி சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளுங்கள். முன்னால் தள்ளினால் பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீல் கிரிகிரியென்று சத்தம் போடுமே தவிர, பெடல் அசையாது. பின்னால் தள்ளினால் பெடலும் கூடவே சுற்றும். அது ஒரு முழுச் சுற்று சுற்றித் திரும்பக் கீழே வந்ததும் நிறுத்தி, இன்னொரு கோடு போடுங்கள்.

இரண்டு கோடுகளுக்கும் இடையில் அளந்து பாருங்கள். 28 அங்குலச் சக்கரம் வைத்த கறுப்புச் சைக்கிள் என்றால் பெரும்பாலும் 5 மீட்டருக்கு மேல் வரும். சின்னச் சக்கரம் என்றால் கொஞ்சம் குறையும்.

இந்த 5 மீட்டர் எங்கிருந்து வந்தது? பற்களை எண்ணினால் தெரிந்துவிடும். முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் சைக்கிளில் 48 இருக்கலாம், எண்ணிப் பார்த்துவிடுங்கள்.) பெடலை ஒரு சுற்று சுற்றினால் 44 பல் அளவுக்குச் செயின் நகரும். அந்தச் செயின் 18 பல் உள்ள ஃப்ரீவீலை 44/18, அதாவது ஏறக்குறைய 2.44 சுற்று சுற்றவைக்கும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். இரண்டையும் பெருக்கினால் 5.4 மீட்டர்.

அடுத்து உங்கள் கால் எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் நீளம் ஏறக்குறைய 16.5 செ.மீ. அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் சுற்றளவு 1 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆக, கால் 1 மீட்டர் போனால் சைக்கிள் 5 மீட்டருக்கு மேல் போகிறது. மிச்சத்தை யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை. நாமே விசையாகக் கட்டிவிட்டோம். தூரம் 5 மடங்கு கூடினால் விசை 5-இல் ஒரு பங்காகக் குறைந்தே தீரும். பெடலை 20 கிலோ எடைக்குச் சமமாக மிதித்தால், சைக்கிளை முன்னே தள்ளும் விசை 4 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். கடப்பாரையால் பாறையை நெம்பும்போது நடப்பதற்கு இது நேர் எதிர். அங்கே கை நிறைய நகரும், கல் இம்மியளவு அசையும், ஆனால் பலம் பெருகும். சைக்கிள் நம் பலத்தைப் பெருக்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பெருக்குவது தூரத்தை. சமதளத்தில் சக்கரத்தை உருட்ட மிகக் குறைந்த விசையே வேண்டியிருப்பதால் இந்தப் பேரம் நமக்கு லாபம்.

மேம்பாலம் வந்தால்தான் கணக்கு மாறுகிறது. 100 மீட்டர் போவதற்குள் 5 மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 45 கிலோ, சைக்கிள் 20 கிலோ, புத்தகப் பை 5 கிலோ, எல்லாம் சேர்ந்து 70 கிலோ. இதை ஏற்றத்தில் தள்ள 3.5 கிலோ அளவு விசை வேண்டும். பெடலில் அது 5 மடங்குக்கும் மேலாகி 18 கிலோ ஆகிவிடும். அதுவும் சராசரிதான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலால் அதிகம் எதுவும் செய்ய முடியாது என்பதால், நடுவில் இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

செயின் வருவதற்கு முன்னால் இந்தப் பேரத்தை வேறு விதமாகச் செய்தார்கள். 1870களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சின்னது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான் என்பதால், தூரம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. நம் கறுப்புச் சைக்கிளின் 5.4 மீட்டரை அந்த முறையில் எட்ட வேண்டுமானால் 1.7 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் வேண்டும்! அவ்வளவு உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தவர்கள் நிறையப் பேர். 1885-இல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வைத்த ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். பெரிய சக்கரம் செய்த வேலையைப் பற்களின் எண்ணிக்கை செய்தது. இன்று நம் தெருவில் போகும் சைக்கிள் அதன் பேரப்பிள்ளைதான்.

அப்படியானால் பல்லை மாற்றினால் சைக்கிளின் குணமும் மாறுமா? மாறும். ஊருக்கேற்ற மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், செலவும் குறைவு. சைக்கிள் கடையில் போய், “அண்ணே, 20 பல் ஃப்ரீவீல் இருக்கா?” என்று கேளுங்கள். அண்ணன் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு எடுத்துக் கொடுப்பார். 18-ஐக் கழற்றி 20-ஐப் போட்டு, பின்சக்கரத்தை இரண்டு நூல் முன்னே தள்ளி நட்டை முடுக்கினால் பழைய செயினே பெரும்பாலும் போதும். இனி ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் இல்லை, 4.8 மீட்டர்தான். பள்ளி 3 கி.மீ. தள்ளி இருந்தால் முன்பு சுமார் 555 சுற்று மிதித்தவர், இனி 620 சுற்று மிதிக்க வேண்டும். பதிலுக்கு ஒவ்வொரு மிதியும் பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். மேடு அதிகம் உள்ள ஊர்க்காரர்களுக்கும், தினமும் தம்பியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இது நல்ல வியாபாரம். தட்டையான ஊரில் தனியாகப் போகிறவர்களுக்கு 18 இருப்பதே நல்லது. 20-ஐப் போட்டுவிட்டு, ‘கால் சுற்றுகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது’ என்று பிறகு குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

காசே இல்லாத மாற்றமும் ஒன்று உண்டு, சீட்டு உயரம். நம்மில் பாதிப் பேர் சீட்டைத் தேவைக்கு மேல் இறக்கி வைத்திருக்கிறோம், நின்றால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக. முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும் நிலையில் தொடைத் தசைக்கு இழுக்கத் தோதான கோணம் கிடைப்பதில்லை. முழுதாகக் குத்துக்காலிட்டு எழுவதையும், நாற்காலியிலிருந்து எழுவதையும் செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். சீட்டுக்கே எட்டாத சின்னப் பிள்ளைகள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போடுவது தனிக் கலை. உடல் ஒரு பக்கம் சாய, சைக்கிள் மறுபக்கம் சாய, மொத்த எடையின் மையம் சக்கரக் கோட்டுக்கு மேலேயே நிற்கும்.

அந்தப் பாருக்கும் ஒரு கதை இருக்கிறது. மூன்று ஈர்க்குச்சிகளை முனையில் நூலால் கட்டி முக்கோணம் செய்யுங்கள், நான்கால் ஒரு சதுரமும் செய்யுங்கள். சதுரம் தொட்டதும் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. ஆண்கள் சைக்கிளின் பாரை எடுத்துவிட்டால் இந்த முக்கோண பலம் குறையும், அதனால் லேடீஸ் சைக்கிளில் வளைந்த குழாயைத் தடிமனாகப் போட்டோ இரட்டையாகப் போட்டோ ஈடுகட்டுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம்!

சுமை என்றால் பால்காரரின் சைக்கிளைக் கவனியுங்கள். கேன்கள் கேரியரின் இரு பக்கமும், அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாகத் தொங்கும். அதே எடையைக் கேரியரின் பின்நுனியில் வைத்தால் பின்சக்கர அச்சே நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகி, முன்சக்கரம் தூக்கும், ஹேண்டில்பார் ஆடும். உயரமாக அடுக்கினாலோ, சைக்கிள் கொஞ்சம் சாய்ந்தாலே எடை வெளியே போய், நிறுத்தும்போது இழுத்துத் தள்ளிவிடும். ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் கூடையில் கனமான பையைப் போட்டால் திருப்பும்போதெல்லாம் அந்த எடையையும் சுற்ற வேண்டும். டிபன் பாக்ஸ் கூடையில், புத்தகப் பை கேரியரில்.

அவ்வளவு சுமையையும் தாங்குவது மெல்லிய போக்ஸ் கம்பிகள். ஒரு கம்பியைத் தனியே தரையில் ஊன்றி அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால்? எளிதில் அறாது. அதனால் சக்கரம் கட்டும்போதே எல்லாக் கம்பிகளையும் முறுக்கி இழுத்து வைத்துவிடுகிறார்கள். சுமை ஏறும்போது தரைக்கு மேலே நேராக நிற்கும் கம்பிகளின் இழுப்பு கொஞ்சம் குறைகிறது. குறைந்தும் மிச்சம் இருப்பதால் அவை வளைவதில்லை. கறுப்புச் சைக்கிளில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40 கம்பி. சுமை பின்னால்தானே! ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே வாருங்கள். மற்றவை ‘டிங்’ என்று ஒலிக்க, ஒன்று மட்டும் ‘டொப்’ என்றால் அது தளர்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி ஆடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கோட்டம் எடுப்பவர் கம்பியின் நுனியில் இருக்கும் நிப்பிளைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திருகிச் சரிசெய்வதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

காற்றுக்கு வருவோம். 1880களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். டயர் தரையில் அழுந்தும் இடத்தில் ரப்பர் நசுங்குகிறது, விடுபட்டதும் நிமிர்கிறது. நசுக்க நாம் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. காற்று குறைந்தால் நசுங்கல் அதிகம், கால்வலியும் அதிகம். ஆனால் கல்லென்று இறுக்கி அடித்தால் கரடுமுரடான சாலையில் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் வந்து பேசும். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

அடிக்கடி காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று முடிவுகட்டாதீர்கள். வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், வால்டியூப் என்பார்கள். பம்பு அடிக்கும்போது காற்று உலோகத் தண்டின் பக்கத் துளை வழியே வந்து, இந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளிருக்கும் காற்றே ரப்பரைத் துளைமீது அழுத்தி மூடிவிடும். காவல்காரனுக்குத் தனியாகச் சம்பளம் இல்லை! வெயிலில் ரப்பர் விறைத்தால் மூடல் சரியாகாது. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மாற்ற வேண்டியது வால்டியூப்தான்.

மழை நாளில் இன்னொரு பேரம் குலையும். பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பது உராய்வால். ஈரமான ரிம்மில் நடுவே நீர்ப்படலம் நிற்கும், கட்டை வழுக்கும். அதனால் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பிருந்தே இலேசாகப் பிடித்து நீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், பின்பிரேக்கை மட்டும் நம்பினால் பின்டயர் சறுக்கும்.

இருட்டில் போகிறவர்கள் முன்பு டைனமோ போடுவார்கள். டயரில் உரசிச் சுழலும் காந்தம், பக்கத்தில் கம்பிச் சுருள். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட்டையும், உராய்வில் வீணாகும் இன்னும் சில வாட்டையும் உங்கள் கால்தான் கொடுக்கிறது. டைனமோவை டயரில் சாய்த்ததுமே பெடல் கனப்பது அதனால்தான். நின்றால் விளக்கும் அணைந்துவிடும். இன்று பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கே மேல்.

ஆனால் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு பேட்டரியும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். அதன் உட்புறத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று முகங்கள் கொண்ட நுண்ணிய மூலைகள் வரிசையாக இருக்கும். பின்னாலிருந்து ஒளி ஓரளவு சாய்வாக வந்தாலும் மூன்று முகங்களிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். இரவில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள், ரிஃப்ளெக்டர் பளீரென்று எரியும். நான்கு அடி தள்ளி நிற்கும் நண்பருக்கு அது மங்கலாகத்தான் தெரியும். பின்னால் தூரத்தில் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணும் அவருடைய முகப்பு விளக்குகளும் ரிஃப்ளெக்டரிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதால் இந்த ஏற்பாடு அவருக்கு நன்றாக வேலை செய்யும். சேறு படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். கேரியரில் பையைக் கட்டும்போது அதன் வார் ரிஃப்ளெக்டரை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.