கடலின் சூடு: கப்பல் சொல்வதும் செயற்கைக்கோள் சொல்வதும்

கடலின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கப்பலிலிருந்தும் அளக்கிறார்கள், செயற்கைக்கோளிலிருந்தும் அளக்கிறார்கள். ஒரே நாள், ஒரே இடம் என்றாலும் இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதில்லை. கோவில்பட்டிக் கரிசல் சம்சாரிக்கு இது தொலைவான சங்கதி அன்று. ஐப்பசி, கார்த்திகையில் அவருடைய மானாவாரிக் காட்டில் பெய்யும் மழைக்கு ஈரம் தருவது வங்கக் கடல். அதன் சூடு தெரியாமல் பருவமழையை முன்கணிக்க முடியாது.

பழைய கப்பல்களில் கித்தான் வாளியைக் கயிற்றில் இறக்கி, மொண்ட நீரில் வெப்பமானியை வைத்தார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, தளத்துக்கு வருவதற்குள் வாளி நீரும் சற்றுக் குளிர்ந்துவிடும். பின்னாளில் இன்ஜினைக் குளிர்விக்க உறிஞ்சும் நீரின் சூட்டைக் குழாயிலேயே அளந்தார்கள். அது சில மீட்டர் ஆழத்து நீர். இன்ஜின் அறையின் வெக்கையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி காண்பதோ தலைமுடியின் பருமன்கூட இல்லாத மேல்தோலை. கரிசலில் மேல்மண் காய்ந்திருக்கும்போதே அடியில் ஈரம் நிற்கும். மேலே பார்த்துப் பதம் சொல்ல முடியாது. கடலும் அப்படித்தான். காற்றுக்கு வெப்பத்தை இழப்பதால் மேல்தோல் அடிநீரைவிடச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கும். காற்றில்லாத நண்பகலில் மேலடுக்கு மட்டும் ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடேறும்.

2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி போன்ற செயற்கைக்கோள்களின் அகச்சிவப்புக் கண்ணை மேகம் மறைத்துவிடும். மழைக்காலத்தில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், இது பெரிய குறை. நுண்ணலைக் கருவி மேகத்தை ஊடுருவும். ஆனால் பல கிலோமீட்டர் பரப்பை ஒரே புள்ளியாகத்தான் பார்க்கும். கனமழையிலும் கரையோரத்திலும் தடுமாறும்.

ஆகவே கப்பல் அளவையும் செயற்கைக்கோள் அளவையும் ஒப்பிடும்போது இடமும் நேரமும் நெருங்கியிருக்க வேண்டும். மேலடுக்குச் சூடு கலைந்துவிட்ட இரவு அளவுகளே இதற்கு ஏற்றவை. இந்த ஒப்பீட்டின் பயனுக்கு ஒரு சான்று உண்டு: 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தபின், வானில் பரவிய நுண்துகள்களால் செயற்கைக்கோள்கள் கடலை உள்ளதைவிடக் குளிராகக் காட்டின. அந்தப் பிழையைப் பிடிக்க உதவியவை கடலில் நேரடியாக எடுத்த அளவுகளே.

கப்பல்களின் இடத்தை இப்போது மிதவைகள் பிடித்துவருகின்றன. கப்பல் அளவு மிதவையின் அளவைவிடச் சராசரியாக 0.1 டிகிரிக்குச் சற்று அதிகம். திருத்தாமல் சேர்த்தால் குளிராத கடல் குளிர்வதுபோலத் தோன்றும். கோவில்பட்டியின் பழைய மழைக்கணக்கைக் கடலின் சூட்டோடு பொருத்திப் பார்ப்பவர், எந்த ஆண்டின் எண் வாளியில் எடுத்தது, எது குழாயில் எடுத்தது, எது மிதவையில் எடுத்தது, எது வானிலிருந்து வந்தது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.